நிரந்தர முகவரி 1.1.1.1

முதல்லயே சொல்லிடறேன். இது பொட்டி தட்டுற விஷயம், ஆனா எழுதறவன் பொட்டி தட்டப் படிச்சவன் இல்லை. பி.காம். டெபிட், கிரெடிட், பேங்க் ரீகன்சிலியேஷன், இவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச நெட்வொர்க். துறைக்காரங்க யாராவது படிச்சு எங்கயாவது தப்பு கண்டுபிடிச்சா மெதுவா குட்டுங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2019 ஜூன்ல சிலிகுரி கிளையிலிருந்து என்னை நவி மும்பை பேலாப்பூருக்கு மாத்தினாங்க. போய்ச் சேர்ந்தா ஐ.டி. டிபார்ட்மெண்ட், அதுலயும் நெட்வொர்க் பிரிவு. எப்படி என்னைப் பிடிச்சாங்கன்னு இன்னி வரைக்கும் புரியலை. சிலிகுரியில லைன் போகும்போதெல்லாம் போன் பண்ணி சண்டை போட்டது நான்தான். அதை வெச்சு "இவருக்கு நெட்வொர்க்ல ஆர்வம்"னு யாரோ புண்ணியவான் குறிப்பு எழுதிட்டாரோ என்னமோ. நாற்பதைத் தாண்டின ஆளைப் பார்த்து ஏ.ஜி.எம். நேராவே சொன்னார். "ஒரு வருஷம் பார்ப்போம். வேலை பிடிபட்டா இங்கேயே இருங்க. இல்லைன்னா கிளைக்கே அனுப்பிடறேன், ஆனா எந்த மாநிலம்னு என்னால சொல்ல முடியாது."

எனக்கு எந்த ஊரும் ஒண்ணுதான். மகளுக்கு அப்படி இல்லை. அப்போ எட்டாம் வகுப்பு. அதுக்குள்ள குண்டூர், இந்தூர், சிலிகுரி, இப்போ நெருல்னு நாலாவது பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு உயிர்த்தோழி, ஒவ்வொரு தடவையும் ரயில்வே ஸ்டேஷன்ல அழுகை. நெருல் வீட்டுக்கு லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது அவ அம்மாகிட்ட சொன்னா: "பன்னண்டாவது முடிக்கிற வரைக்கும் நான் எங்கயும் வரமாட்டேன். அப்பா வேணா போகட்டும்." தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில, இந்த ஒரு வருஷத்துக்குள்ள ரவுட்டரைக் கத்துக்கறதைத் தவிர வேற வழியில்லைன்னு தெரிஞ்சுபோச்சு.

எங்க பிரிவுல ஒரு மராத்திப் பையன், ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர். பதவியில எனக்குக் கீழே, விஷயத்துல எனக்கு குரு. அவன்தான் சொன்னான்: "சார், புஸ்தகம் படிச்சா தூக்கம்தான் வரும். வீட்டு லேப்டாப்ல ஜி.என்.எஸ்.3 போட்டு நாலு ரவுட்டர் வெச்சு விளையாடுங்க." அந்த சாஃப்ட்வேர்ல நிஜப் பெட்டி எதுவும் வேணாம். திரையிலேயே ரவுட்டர், திரையிலேயே கேபிள். நாலு ரவுட்டரைச் சதுரமா வெச்சேன். ஆர்1-லிருந்து ஆர்4-க்குப் போக இரண்டு வழி. ஆர்2 வழியா ஒண்ணு, ஆர்3 வழியா ஒண்ணு. அடுத்தாப்ல அவன் சொன்னது: "எல்லாத்துக்கும் முதல்ல லூப்பேக் கொடுங்க சார்."

லூப்பேக்னு தேடினா 127.0.0.1னு வந்தது. நாலு ரவுட்டருக்கும் ஒரே நம்பரான்னு குழம்பி ஒரு ராத்திரி வீணாச்சு. அது கம்ப்யூட்டர் தன்னோட தானே பேசிக்கிற முகவரி. ரவுட்டர்ல சொல்ற லூப்பேக் வேற.

ரவுட்டருக்கு நாலஞ்சு வாசல் இருக்கும், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஐ.பி. முகவரி. ஒரு வாசல்ல கேபிள் அறுந்தா அந்த முகவரியும் போச்சு. பெட்டி நல்லா ஓடிட்டிருந்தாலும் அந்த முகவரியில கூப்பிட்டா பதில் வராது. லூப்பேக் எந்த வாசலையும் சேராத முகவரி. ரவுட்டர் உயிரோட இருந்து, அதுக்கு ஏதாவது ஒரு வழி மிச்சம் இருந்தாப் போதும், அந்த முகவரிக்கு அனுப்பினது போய்ச் சேரும்.

இது புரிஞ்சதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது. வங்கியில சேர்ந்த நாள்ல சர்வீஸ் ரெகார்டுல நிரந்தர முகவரின்னு மன்னார்குடி வீட்டைத்தான் எழுதினேன். அதுக்கப்புறம் எத்தனை ஊர் மாறினாலும் எல்.ஐ.சி. நோட்டீஸ், ஷேர் டிவிடெண்ட் வாரண்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கதான் போகும். அப்பா உறை மேல இருக்கிற விலாசத்தை ஒரே கோடா அடிச்சு, பக்கத்துலயே என் அப்போதைய விலாசத்தைப் பொடி எழுத்துல எழுதித் திரும்பத் தபால் பெட்டியில போட்டுடுவார். அனுப்பறவனுக்கு நான் குண்டூர்ல இருக்கேனா இந்தூர்ல இருக்கேனான்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 2016-ல அப்பா போயிட்டார். 2018-ல வீட்டை வித்தாச்சு. சர்வீஸ் ரெகார்டுல மட்டும் இன்னும் அதே முகவரிதான், மாத்தல.

சரி, நம்பர் கொடுக்கணும். ஆர்1-க்கு 1.1.1.1, ஆர்2-க்கு 2.2.2.2, ஆர்3-க்கு 3.3.3.3. கத்துக்கிறவங்க பாதிப் பேர் இப்படித்தான் போடறாங்க. பார்த்ததும் எந்தப் பெட்டின்னு தெரியும், டைப் அடிக்கவும் சுலபம். எனக்கும் ரொம்பப் பிடிச்சது. லெட்ஜர் ஃபோலியோ நம்பர் மாதிரி நச்சுன்னு இருந்தது.

இந்த நச்சு நம்பரால ஒரு தடவை தப்பிச்சேன், ஒரு தடவை மாட்டினேன். தப்பிச்ச கதை முதல்ல. ஆர்3-ல எழுதினதை அப்படியே காப்பி பண்ணி ஆர்4-ல ஒட்டினேன். வாசல் முகவரியெல்லாம் மாத்தினவன் லூப்பேக்கை மாத்த மறந்துட்டேன். ஓ.எஸ்.பி.எஃப்.னு ஒண்ணு, ரவுட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற முறை. அதுல ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு ஐடி வேணும். நாம கையால எழுதலைன்னா, இருக்கிற லூப்பேக்குல பெரிய நம்பரை அதுவே எடுத்துக்கும். அப்போ ஆர்3-க்கும் 3.3.3.3, ஆர்4-க்கும் 3.3.3.3. பக்கத்துப் பக்கத்து ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பேர். சேரவே மாட்டேங்குது. ஒரே கணக்கு எண்ணுல இரண்டு வாடிக்கையாளர் வந்து நின்னா கவுண்டர்ல என்ன ஆகுமோ அதேதான். இரண்டு ராத்திரி கேபிளைக் கழட்டிக் கழட்டி மாட்டினேன். மூணாம் நாள்தான் ஆர்4 தன்னை 3.3.3.3னு சொல்லிக்கறதைப் பார்த்தேன். நம்பர் இவ்வளவு பச்சையா இல்லைன்னா இன்னும் இரண்டு ராத்திரி ஆகியிருக்கும்.

அன்னியிலிருந்து ஐடியைக் கையாலயே எழுதறேன். எழுதினாலும், ஓ.எஸ்.பி.எஃப்.-ஐ ஒரு தடவை கிளியர் பண்ணினாத்தான் புதுசு நடப்புக்கு வரும்னு ரவுட்டரே சொல்லுது. ஹெச்.ஆர். டிபார்ட்மெண்ட்ல இருந்திருக்கும் போல.

இப்போ மாட்டின கதை. 2020 ஜூலை. லாக்டவுன். ஏ.ஜி.எம். கொடுத்த ஒரு வருஷம் கொரோனா புண்ணியத்துல நீண்டுக்கிட்டே போயிட்டிருந்தது. வீட்டுல ஒரே லேப்டாப். காலையில மகளோட ஒன்பதாம் வகுப்பு, பகல்ல என் ஆபீஸ், ராத்திரி என் நாலு ரவுட்டர். ஒரு ராத்திரி, லேப்டாப்லிருந்து நேரா ஆர்1-க்குள்ள டெல்நெட் பண்ணணும்னு ஆசை வந்தது. விண்டோஸ்ல ஒரு ரூட் எழுதினேன்: 1.1.1.1-க்குப் போறது எல்லாம் லேபுக்குள்ள போகட்டும். ஒவ்வொரு தடவையும் எழுதச் சோம்பல்பட்டு, லேப்டாப்பை அணைச்சுப் போட்டாலும் அழியாத மாதிரி நிரந்தரமா எழுதிட்டேன். வேலை செஞ்சது. சந்தோஷமா தூங்கப் போயிட்டேன்.

காலையில எட்டரைக்கு மகளுக்கு ஆன்லைன்ல கணக்குப் பரீட்சை, நாற்பது நிமிஷம், இருபது மார்க். எட்டு முப்பத்திரண்டுக்கு "அப்பா, நெட் இல்லை"ன்னு கத்தல். ஓடினேன். வைஃபை இருக்கு. 8.8.8.8-க்கு பிங் போகுது. எந்தத் தளமும் திறக்கலை. இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் போன் பண்ணினா, லைன் நல்லா இருக்குன்னு பொறுமையா சொன்னாங்க. நான் பொறுமையா கேட்கலை. சிலிகுரிப் பழக்கம். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாத்தினேன், அப்பவும் திறக்கலை. மகள் கண்ணுல தண்ணி. அதுக்கப்புறம்தான் நெட் மேல இல்லை, இந்தப் பொட்டி மேலதான் தப்புன்னு உறைச்சது. பேரைச் சொன்னா நம்பர் சொல்ற டி.என்.எஸ். யாருன்னு பார்த்தேன். 1.1.1.1. பதில் இல்லை.

"இதை யார் போட்டது?"

"நான்தான்ப்பா. ஸ்பீடா இருக்கும்னு ஃப்ரெண்ட் சொன்னா. நேத்துதான் போட்டேன்."

அவ போட்டதுல தப்பே இல்லை. 1.1.1.1 நிஜமான முகவரி. கிளவுட்ஃப்ளேர் கம்பெனி 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி, முட்டாள்கள் தினத்தன்னிக்கே, பொதுமக்களுக்காகத் திறந்த டி.என்.எஸ். சேவை. அவ லேப்டாப் உலகத்தையே அந்த முகவரியில கேட்டுக்கிட்டிருந்தது. நான் ராத்திரி எழுதின ரூட் அந்தக் கேள்வியை எல்லாம் அணைஞ்சு கிடந்த என் ஆர்1 பக்கம் திருப்பிவிட்டுக்கிட்டிருந்தது. ஊர்ல ஒருத்தர் வீட்டு விலாசத்தை என் பொம்மை வீட்டு வாசல்ல எழுதி ஒட்டினதோட நிக்காம, தபால்காரரையும் இங்க வரச் சொல்லியிருக்கேன்.

ரூட்டை அழிச்சு எல்லாம் திறக்கும்போது மணி எட்டு ஐம்பத்தைந்து. மிச்சம் பதினஞ்சு நிமிஷம். இருபதுக்கு ஒன்பது வாங்கினா. மறு பரீட்சை கிடையாதுன்னுட்டாங்க. "நாம இங்கேயே இருக்கணும்னுதானேப்பா கத்துக்கறே"ன்னு மட்டும் கேட்டா. திட்டியிருந்தா பரவாயில்லை.

அன்னிக்கு ராத்திரி ரவுட்டரைத் தொடலை. இந்த நம்பரெல்லாம் யாருதுன்னு தேடிப் படிச்சேன். 1-ல ஆரம்பிக்கிற முகவரிகள் ரொம்ப நாள் யாருக்கும் கொடுக்காம சும்மா கிடந்ததால, உலகம் முழுக்க என்னை மாதிரி ஆளுங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்டிருக்காங்க. 2010 ஜனவரியில அதை ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஒதுக்கினாங்க. சோதனைக்காக ஐரோப்பாவிலிருந்து 1.1.1.0 பக்கத்தைத் திறந்துவிட்டுப் பார்த்தா, வழிதவறி வந்த குப்பை டிராஃபிக்கே அவங்க 10 மெகாபிட் இணைப்பை நிரப்பிடுச்சாம். என் மத்த ரவுட்டர்களும் யோக்கியம் இல்லை. லேபை வளர்த்திருந்தா ஆர்6 அமெரிக்க ராணுவத்தோட முகவரி. ஆர்8 கூகுள் 2009-லேருந்து நடத்துற டி.என்.எஸ். ஆர்9-ம் ஒரு டி.என்.எஸ்., குவாட்9, 2017-ல வந்தது. பத்தாவது ரவுட்டருக்குப் போனாத்தான் 10.10.10.10, யாருக்கும் சொந்தமில்லாத தனியார் உபயோக முகவரி.

முப்பது ரூபா கணக்கு இடிச்சா ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து தேடற பேங்க்காரன், அடுத்தவன் கணக்கு எண்ணை எடுத்து என் பொம்மை லெட்ஜர்ல எழுதியிருக்கேன். வெட்கமா இருந்தது.

தனியார் உபயோகத்துக்குன்னு 1996-லயே ஆர்.எஃப்.சி. 1918ங்கிற ஆவணத்துல மூணு தொகுப்பு ஒதுக்கியிருக்காங்க. 10-ல ஆரம்பிக்கிறது எல்லாம், 172.16-லிருந்து 172.31 வரை, அப்புறம் 192.168. இதுல எங்க வீட்டு வைஃபை 192.168. ஆபீஸ் வி.பி.என். போட்டா 10-ல ஆரம்பிக்கிறது எல்லாம் ஆபீஸ் பக்கம் ஓடிடும். மிச்சம் 172 தான். வாடகைக்கு வீடு தேடற மாதிரியே ஆச்சு. அதுலயும் 172.17-ஐ வேற சில சாஃப்ட்வேர் பிடிச்சு வெச்சிருக்கும்னு குரு சொன்னான். கடைசித் தெருவுக்குப் போனேன்: 172.31.

அடுத்தது எப்படிப் பிரிக்கறதுன்னு. இங்கதான் எனக்குள்ள இருந்த பி.காம். முழிச்சுக்கிச்சு. எம்.ஐ.சி.ஆர். கோடு பார்த்திருப்பீங்க, ஒன்பது இலக்கம். முதல் மூணு ஊர், அடுத்த மூணு வங்கி, கடைசி மூணு கிளை. அதே மாதிரி ஒரு பாகம் மண்டலம், ஒரு பாகம் ரவுட்டரோட ரகம்னு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு குருவுக்கு அனுப்பினேன். பாராட்டுவான்னு நினைச்சேன். "சார், நாளைக்கு அந்தப் பெட்டியை வேற மண்டலத்துக்கு மாத்தினா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டான். நிரந்தர முகவரிக்குள்ள மாறக்கூடிய விஷயத்தை எழுதினா அது எப்படி நிரந்தரம்? எனக்கு இதை இன்னொருத்தன் சொல்லித் தரணுமா? 2019-லயும் 2020-லயும் அரசு வங்கிகளை இணைச்சாங்க. ஐ.எஃப்.எஸ்.சி. கோடுல முதல் நாலு எழுத்து வங்கியோட பேர். வங்கி பேர் போனதும், கிளை அதே தெருவுல அதே கட்டடத்துல இருந்தாலும் கோடு மாறிப்போச்சு. 2021-ல பழைய கோடுல பணம் போகலைன்னு எத்தனை பேர் அலைஞ்சாங்கன்னு நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும்.

கடைசியா முடிவானது இவ்வளவுதான். லூப்பேக் எல்லாம் தனித் தெரு: ஆர்1-க்கு 172.31.255.1, ஆர்2-க்கு 172.31.255.2. கடைசி எண் ரவுட்டர் நம்பர், வேற எந்த அர்த்தமும் கிடையாது. இரண்டு ரவுட்டருக்கு நடுவுல இருக்கிற கேபிளுக்கு இரண்டு நம்பரையும் சேர்த்து எழுதறது. ஆர்1-ஆர்2 நடுவுல 172.31.12, ஆர்3-ஆர்4 நடுவுல 172.31.34. பத்தாவது ரவுட்டர் வந்தா இது படுத்துடும், ஏன்னா ஒரு பாகத்துல 255-க்கு மேல எழுத முடியாது. என் லேப்டாப் ஏழு ரவுட்டர்லயே மூச்சு வாங்குது, அதனால கவலையில்லை. லூப்பேக் எல்லாம் ஒரே தெருவுல இருந்தா, "இந்தத் தெருவை மட்டும் உள்ளே விடு"ன்னு ஒரே வரியில எழுதிடலாம். முழு லேபும் 172.31-க்குள்ள அடங்கினதால விண்டோஸ்லயும் ஒரே ரூட் போதும். அதை இப்போ நிரந்தரமா எழுதறதில்லை.

லூப்பேக்குக்கு /32, அதாவது ஒரே ஒரு முகவரி மட்டும். ஆரம்பத்துல ஒவ்வொண்ணுக்கும் 256 முகவரி கொண்ட /24 கொடுத்திருந்தேன். மத்த ரவுட்டர்ல பார்த்தா /32னு காட்டுது. சாஃப்ட்வேர் கோளாறுன்னு நினைச்சேன். லூப்பேக்குக்குப் பின்னாடி எந்தத் தெருவும் இல்லை, ஒரே வீடுதான்னு ஓ.எஸ்.பி.எஃப்.-க்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை.

வெளி வங்கி மாதிரி நடிக்க ஒரு ரவுட்டர் தேவைப்படும்போது 192.0.2-ல ஆரம்பிக்கிற முகவரி கொடுத்தேன். உதாரணம் எழுதறதுக்குன்னே ஒதுக்கி வெச்ச எண்கள் அது, நிஜத்துல யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. ஸ்பெசிமன்னு குறுக்கே அச்சடிச்ச செக் இலை மாதிரி. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்போ ஒரு பேங்க்காரனுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

எல்லாம் மாத்தி முடிச்ச ராத்திரி, ஆர்1-ன் லூப்பேக்கிலிருந்து ஆர்4-ன் லூப்பேக்குக்கு விடாம பிங் போட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் திரையில ஒரு ஆச்சரியக்குறி வரும். வரிசையா வந்துக்கிட்டே இருந்தது. ஆர்1-லிருந்து ஆர்2-க்குப் போற வாசலை மூடினேன். ஒரு புள்ளி. இரண்டாவது புள்ளி. மூணாவது. அப்புறம் மறுபடி ஆச்சரியக்குறி, ஆர்3 வழியா. தண்ணி குடிக்க எழுந்து வந்த மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடித் திறந்து இரண்டு தடவை பார்த்தா. "என் பரீட்சை அன்னிக்கும் இப்படி வேற வழியா போயிருக்கலாம்ல?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

2021-ல ஏ.ஜி.எம். இங்கேயே இருக்கச் சொல்லிட்டார். 2024-ல மகள் பன்னண்டாவதை நெருல்லயே முடிச்சா. அந்த எக்ஸெல் ஷீட் இன்னும் இருக்கு. லூப்பேக் இருக்கிற பத்திக்குத் தலைப்பு "நிரந்தர முகவரி", வாசல் ஐ.பி.க்குத் தலைப்பு "தற்போதைய முகவரி". புதுசா பிரிவுக்கு வர்ற பசங்களுக்கு அதைத்தான் அனுப்பறேன். தமிழ் படிக்கத் தெரியாம, இது என்ன சார் சங்கேத எழுத்தான்னு கேட்கறாங்க.

மகள் காலேஜ் ஃபார்மை ஆன்லைன்ல தானே நிரப்பினா. பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நிரந்தர முகவரிங்கிற இடத்துல யோசிக்கவே இல்லை, நெருல் ஃபிளாட் நம்பரை எழுதினா. அது வாடகை வீடும்மான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள சப்மிட் பண்ணிட்டா.

பி.கு: வீட்டுல நெட் இருக்கு, ஆனா எந்தத் தளமும் திறக்கலைன்னா, கம்பெனிக்காரங்களைத் திட்டறதுக்கு முன்னாடி லேப்டாப்ல டி.என்.எஸ். என்னன்னு பாருங்க. உங்க வீட்டுக்காரர் ரவுட்டர் கத்துக்கறவரா இருந்தா அவரை முதல்ல விசாரிங்க.